நஷ்டத்தை யார் சுமப்பது? நெருக்கடிக்குப் பிந்திய பொருளாதாரம் பற்றி சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் பொருளாதாரப் பேச்சு வந்தால் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. கேட்டவர்களில் தோட்ட வேலையில் இருப்பவர்கள் உண்டு, ஓய்வு பெற்றவர்கள் உண்டு, இரண்டு மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்களும் டவுனில் கடை நடத்துபவர்களும் உண்டு. பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது. ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மலேசியாவைப் போய் 'சிறிய, திறந்த பொருளாதாரம்' என்கிறார்களே? நாம் மூன்று கோடிப் பேருக்கு மேல் இருக்கிறோமே?

ஆள் கணக்கைப் பார்த்து அப்படிச் சொல்வதில்லை. உலகச் சந்தையில் விலையை நாம் வைக்கிறோமா, வைத்த விலையை வாங்கிக்கொள்கிறோமா என்பதுதான் கேள்வி. செம்பனை எண்ணெய் உற்பத்தியில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் நமக்கு. அப்படியிருந்தும் சிக்காகோவில் சோயா எண்ணெய் விலை சரிந்தால், இங்கே குலை வாங்கும் முகவர் எழுதிவைக்கும் விலையும் சரிகிறது. அடுத்தது, வியாபாரம். 2000ஆம் ஆண்டில் நம் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டினால் நாட்டின் மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. பிறகு அந்த அளவு குறைந்தது. ஆனாலும் மொத்த உற்பத்தியை இன்னும் மிஞ்சித்தான் நிற்கிறது. எங்கோ ஒரு நாட்டில் ஆரம்பிக்கும் பிரச்சினை நம் வாசலுக்கு வர அதிக நாள் ஆகாது.

எங்கள் தாத்தா 'ரப்பர் விழுந்த காலம்' என்று ஒன்றைச் சொல்வார். அது எது?

1929க்குப் பிறகு வந்த பெருமந்தம். அமெரிக்காவில் கார் விற்பனை படுத்தது. டயர் தேவை படுத்தது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. தோட்டங்களில் ஆண்களுக்கு 50 சென்னாக இருந்த நாள்கூலி 1930இல் 40 சென் ஆனது, அப்புறம் இன்னும் இறங்கியது. 1930இலிருந்து 1932 வரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். 1934இல் ரப்பர் உற்பத்தி செய்யும் நாடுகள் ஒப்பந்தம் போட்டு உற்பத்தியைக் கட்டுப்படுத்தின. விலை மெல்ல நிமிர்ந்தது.

புத்தகக் கணக்குப்படி பார்த்தால் மலாயா மீண்டுவிட்டது. வேலையில்லாதவர்கள் மலாயாவின் கணக்கிலேயே இல்லை. தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களில் இருந்தார்கள். இதை நான் பழைய கதையாகச் சொல்லவில்லை. எந்த நெருக்கடியிலும் நஷ்டம் காற்றில் கரைவதில்லை, யாரோ ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு போகிறார். கீழே வரும் பதில்களில் நான் தேடுவதெல்லாம் அந்த ஆள் யார் என்பதைத்தான்.

1997–98இல் உண்மையில் என்னதான் நடந்தது?

தாய்லாந்தில் வங்கிகளும் நிறுவனங்களும் குறுகிய காலத்துக்கு டாலரில் கடன் வாங்கி, நிலத்திலும் கட்டடத்திலும் போட்டிருந்தன. 1997 ஜூலை 2இல் பாட் நாணயத்தை அவர்களால் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. அடுத்த 2 வாரத்துக்குள் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் ரிங்கிட்டை, அதாவது நாம் சொல்லும் வெள்ளியை, தாங்குவதை நிறுத்தியது. டாலருக்கு 2.50 வெள்ளி அளவில் இருந்தது 1998 ஜனவரியில் ஒரு கட்டத்தில் 4.88 வரை போனது. 1,200ஐத் தாண்டியிருந்த கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1998 செப்டம்பர் 1இல் 263க்கு அருகே வந்து நின்றது. அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தி 7.4 சதவீதம் சுருங்கியது.

நம்மிடம் தாய்லாந்து, இந்தோனேசியா அளவுக்கு வெளிநாட்டுக் குறுகிய காலக் கடன் இல்லை. நம் கடன் பெரும்பாலும் உள்ளூர் வங்கிகளில் வாங்கியது. பங்கிலும் வீட்டுமனையிலும் போட்டது. அதனால்தான் வட்டியை ஏற்றியதும் இங்கே நிறுவனங்களுக்கு மூச்சு முட்டியது. ரிங்கிட்டைக் காப்பாற்ற ஏற்றிய வட்டி, ரிங்கிட்டில் கடன் வாங்கியவனைக் கொன்றது.

அப்போது போட்ட மூலதனக் கட்டுப்பாடு சரியா, தப்பா?

இந்தக் கேள்விக்கு மட்டும் காப்பிக்கடையில் இரண்டு மேசைகள் பிரிந்து உட்காரும்.

நடந்ததை முதலில் சொல்கிறேன். 1998 செப்டம்பர் 1இல் கட்டுப்பாடுகளை அறிவித்தார்கள். மறுநாள் டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டைக் கட்டினார்கள். (அதே செப்டம்பர் 2இல்தான் அப்போதைய துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டார். அந்த வார இரைச்சலில் பொருளாதாரச் செய்தியைப் பலர் சரியாகப் படிக்கவே இல்லை.) பங்கு விற்ற வெளிநாட்டவர் அந்தப் பணத்தை ஓராண்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டில் இருந்த ரிங்கிட் ஒரு மாதத்துக்குள் வீடு திரும்ப வேண்டும். 1999 பிப்ரவரியில் அந்த ஓராண்டுத் தடையை எடுத்துவிட்டு, வெளியேறும் பணத்துக்கு வரி போட்டார்கள். வட்டி இறங்கியது. வாராக் கடன்களை வாங்க டானாஹர்தாவும், வங்கிகளுக்கு முதல் போட டானாமோடாலும் வந்தன. 1999இல் பொருளாதாரம் 6.1 சதவீதம் வளர்ந்தது.

எதிர் மேசையின் வாதமும் லேசானதல்ல. அனைத்துலகப் பண நிதியத்திடம் கடன் வாங்கி, கட்டுப்பாடு எதுவும் போடாத தென்கொரியா அதே 1999இல் நம்மைவிட வேகமாக, 11 சதவீத அளவில் வளர்ந்தது. நாம் கதவைச் சாத்திய நேரத்தில் புயலின் பெரும்பகுதி கடந்துபோயிருந்தது. அந்த மாதக் கடைசியில் அமெரிக்காவிலும் வட்டி இறங்கத் தொடங்கியது.

என் கருத்து: கட்டுப்பாடு நேரம் வாங்கித் தந்தது, வட்டியை இறக்க இடம் தந்தது, வேலைகள் சில தப்பின. ஆனால் அந்த நேரத்தில் யார் யாருடைய கடனைக் காப்பாற்றினார்கள் என்பது தனிக் கணக்கு. டானாஹர்தாவிடம் போனவை பெரிய கடன்கள். வட்டிக்காரனிடம் ஐந்நூறோ ஆயிரமோ வாங்கியிருந்த தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு நிறுவனம் இல்லை. 3.80 கட்டு 2005 ஜூலை 21 வரை இருந்தது. அது தேவைக்கு மேல் நீண்டது என்றே நினைக்கிறேன்.

வெள்ளி விழுந்தால் செம்பனைக்கு நல்லதுதானே? அப்படியானால் நம் சம்பளம் ஏன் ஏறவில்லை?

தோட்டத்தில் வேலை செய்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

எண்ணெயின் உலக விலை டாலர் கணக்கில் ஓடுகிறது. வெள்ளி விழுந்தால் அதே டாலருக்கு அதிக வெள்ளி கிடைக்கும். 1998இல், நாடே சுருங்கிய அந்த ஆண்டில், கச்சா செம்பனை எண்ணெய் டன்னுக்குச் சராசரியாகச் சுமார் 2,400 வெள்ளிக்குப் போனது; அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய விலை. 2001இல் சராசரி 900க்கும் கீழே வந்துவிட்டது. 2022 மார்ச்சில் உக்ரேன் போரின்போது 7,000ஐத் தாண்டியது.

அந்தப் பணம் போகும் வழியைப் பாருங்கள். முதலில் தோட்ட நிறுவனத்துக்கும் அதன் பங்குதாரர்களுக்கும். அடுத்து உரத்துக்கு: பொட்டாஷ் முழுக்க இறக்குமதி, அதையும் டாலரில் வாங்க வேண்டும். அப்புறம் அரசாங்க வரிக்கு. குலை வெட்டுபவருக்கு டன் கணக்கில் கூலி. அது கூட்டு ஒப்பந்தத்தில் எழுதிவைத்த விகிதம். எண்ணெய் விலைக்கேற்ற போனஸ் சில காலங்களில் உண்டு, ஆனால் விலை ஏறும் வேகத்தில் அது ஏறாது. குறைந்தபட்ச சம்பளம் என்று சட்டம் தீபகற்பத்துக்கு 900 வெள்ளி வைத்ததே 2013இல்தான். அது 1,500 ஆனது 2022 மேயில், 1,700 ஆனது 2025 பிப்ரவரியில். இந்த உயர்வுகள் சட்டத்தால் வந்தவை. எண்ணெய் விலை உயர்ந்ததால் தானாக வந்தவை இல்லை.

செலவுப் பக்கத்தில் தாமதமே கிடையாது. கோதுமை மாவு, பால் மாவு, பருப்பு, மருந்து எல்லாம் வெளியிலிருந்து வருபவை. வெள்ளி விழுந்த சில மாதங்களில் சாமான் கடையில் விலைச்சீட்டு மாறிவிடும். ஆக, நாணயம் விழுவது ஏற்றுமதி செய்பவருக்குக் கிடைக்கும் கூலி உயர்வு. வாங்கித் தின்பவருக்குப் போடப்படும் வரி. நாடாளுமன்றத்தில் யாரும் கை தூக்கி நிறைவேற்றாத வரி என்பதால், இதைப் பற்றிச் சத்தம் குறைவு.

சொந்தமாகச் செம்பனை வைத்திருப்பவர் கதை வேறு. குலை விலை ஏறினால் அவருக்கு நேராக வருகிறது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன தோட்டங்களைத் தொழிலாளியே வாங்கட்டும் என்றதில் இந்த வித்தியாசமும் அடங்கியிருக்கிறது. அவர் நம் தொகுதியின் நீண்டகால நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் என்பதற்காகச் சொல்லவில்லை. நிலம் யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் விலை ஏறினால் சிரிப்பதா, அழுவதா என்பது.

இன்னொன்று: இப்போது நம் பக்கத்துத் தோட்டங்களில் குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியர், வங்கதேசத்தவர். ஊருக்கு அனுப்பும் பணத்தை அவர்கள் தங்கள் நாணயத்தில் எண்ணுகிறார்கள். வெள்ளி இறங்கினால், கூலி குறையாமலே அவர்களுக்குக் கூலி குறைந்துவிடுகிறது. 2020க்குப் பிறகு எல்லை மூடி ஆள் வராமல் போனபோது, நல்ல விலையிருந்தும் குலைகள் மரத்திலேயே பழுத்து உதிர்ந்தன.

2024 பிப்ரவரியில் டாலர் 4.80 ஆனதே, பேங்க் நெகாரா வட்டியை ஏற்றியிருக்கலாமே?

ஏற்றியிருக்கலாம். வீட்டுக் கடன் தவணையும் கூடவே ஏறியிருக்கும். நம் நாட்டுக் குடும்பங்களின் கடன் மொத்த உற்பத்தியில் 80 சதவீதத்துக்கும் மேல்; வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் மிதக்கும் வட்டியில் உள்ளவை. பணம் சுதந்திரமாக உள்ளே வெளியே போகும் நாட்டில், வட்டியையும் நம் இஷ்டப்படி வைத்து, நாணய மதிப்பையும் நம் இஷ்டப்படி வைக்க முடியாது. மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம். 1998இல் பணப் போக்குவரத்தை விட்டுக்கொடுத்தோம். 2024இல் நாணய மதிப்பை விட்டுக்கொடுத்து, வட்டியை 3 சதவீதத்திலேயே வைத்திருந்தார்கள். அரசு சார்ந்த நிறுவனங்களை வெளிநாட்டு வருமானத்தைக் கொண்டுவந்து வெள்ளியாக மாற்றச் சொன்னார்கள். செப்டம்பரில் அமெரிக்கா வட்டியைக் குறைத்த சமயத்தில் டாலர் 4.20 பக்கம் வந்திருந்தது. நம் ஊர்த் தவணை ஏறாமல் இருந்ததற்கு அந்தப் பொறுமை காரணம். சாமான் விலை இறங்காமல் இருந்ததற்கும் அதுவே ஒரு காரணம்.

மற்ற சின்ன நாடுகள் எப்படி மீண்டன?

ஐஸ்லாந்தைப் பார்ப்போம். 2008 அக்டோபரில் அதன் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. அந்த வங்கிகளின் சொத்துக் கணக்கு நாட்டின் உற்பத்தியைப் போலப் பத்து மடங்கு அளவில் இருந்தது. காப்பாற்ற நினைத்தாலும் முடியாது. வெளிநாட்டுக் கடன்காரர்கள் பெரும் நஷ்டத்தை ஏற்க வேண்டியிருந்தது. நாணயம் சரிந்தது, பண நிதியமே சம்மதித்து மூலதனக் கட்டுப்பாடு வந்தது, 2017 வரை நீடித்தது. மலிந்த நாணயத்தால் சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள்.

அயர்லாந்து அதற்கு நேர் எதிர். 2008 செப்டம்பரில் வங்கிகளின் கடன்களுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. யூரோ நாணயம் என்பதால் மதிப்பைக் குறைக்க வழியில்லை. 2010இல் 85 பில்லியன் யூரோ உதவித் திட்டம், சம்பளவெட்டு, வேலையின்மை 15 சதவீதம் வரை. லாட்வியாவும் நாணயத்தைத் தொடாமல் சம்பளத்தைத்தான் வெட்டியது. உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு போனது. பிறகு வளர்ச்சி வந்தது உண்மை. இளைஞர்கள் கூட்டமாக வெளிநாடு போனதும் உண்மை. வேலையில்லாதவர் விமானம் ஏறிவிட்டால் வேலையின்மைக் கணக்கு அழகாகிவிடும். தாத்தா காலத்துக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது.

நமக்கு நெருக்கமானது இலங்கை. 2019இல் வரிகளை வெட்டினார்கள். பெருந்தொற்றில் சுற்றுலா நின்றது. 2021இல் ரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். டாலருக்கு 200 அளவில் இருந்த ரூபாய் 360 பக்கம் போனது. அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீத அளவை எட்டியது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 2021இல்தான் போராடி 1,000 ரூபாய் நாள்கூலி வாங்கியிருந்தார்கள். வாங்கும்போது அது சுமார் 5 டாலர். ஓராண்டில் 3 டாலருக்கும் கீழே. தேயிலை டாலரில் விற்றது, கூலி ரூபாயில் நின்றது. நம் செம்பனைக் கதையேதான்.

2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, வங்கிகளை விட்டுவிட்டு ஓய்வூதிய நிதிகளின் பத்திரங்களில் கை வைத்தார்கள். அதாவது, தொழிலாளியின் சேமநிதியில். இது அடுத்த கேள்விக்குக் கொண்டுவிடுகிறது.

பெருந்தொற்றில் சேமநிதிப் பணத்தை எடுத்தோம். தப்பு செய்துவிட்டோமா?

எடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. தோட்டங்கள் பெரும்பாலும் ஓடின, அடிபட்டது டவுன். பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தை வியாபாரி, தொழிற்சாலை பஸ் ஓட்டுநர், கல்யாண மண்டபத்துச் சமையல்காரர் இவர்களுக்கு நாளைக்கு என்ன என்பதே தெரியவில்லை.

அரசாங்கம் அந்த மாதம் 250 பில்லியன் வெள்ளித் திட்டம் என்று அறிவித்தது. அதில் கஜானாவிலிருந்து நேராக வந்தது 25 பில்லியன். மீதியில் பெரும்பங்கு கடன் தவணை ஒத்திவைப்பு, கடன் உத்தரவாதம் போன்றவை. பிறகு ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, 2022இல் 10,000 வெள்ளி சிறப்பு எடுப்பு என்று நான்கு சுற்றுகளில் உறுப்பினர்கள் சேமநிதியிலிருந்து எடுத்தது சுமார் 145 பில்லியன். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெருக்கடிச் செலவில் பெரும்பகுதியைத் தொழிலாளி தன் முதுமையிடமிருந்து கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார்.

35 வயதில் எடுத்த 10,000 வெள்ளியை ஆண்டுக்கு 5.5 சதவீதம் ஈவுத்தொகையோடு விட்டிருந்தால் 55 வயதில் சுமார் 29,000 ஆகியிருக்கும். எடுப்புகள் முடிந்தபோது, 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களில் பாதிப் பேருக்கும் மேல் கணக்கில் 10,000 வெள்ளிகூட இல்லை. இந்தப் பிரச்சினை இப்போது செய்தியில் இல்லை. இன்னும் இருபது ஆண்டு கழித்து வரும். அப்போது பிள்ளைகள் தலையில் விழும், அல்லது கோயில் அன்னதானத்தில் வரிசை நீளும். வேலை இழப்புக்குக் காப்புறுதி, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோ வழியாக 2018இல் தொடங்கியது நல்ல வேலை. சொந்தமாகத் தொழில் செய்பவரையும் அதற்குள் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு எடுக்கவேண்டி வந்திருக்காது.

2022இல் 9 சதவீத வளர்ச்சி என்றார்கள். நம் ஊரில் ஒன்றும் தெரியவில்லையே?

2019இல் நாட்டின் உற்பத்தி 100 என்று வையுங்கள். 2020இல் 5.5 சதவீதம் சுருங்கி 94.5. 2021இல் 3.3 வளர்ந்து 97.6. 2022இல் கிட்டத்தட்ட 9 வளர்ந்து சுமார் 106. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து உண்மையான ஏற்றம் 6தான். சாதாரண காலத்தில் நாம் ஓராண்டில் ஏறக்குறைய 5 வளர்வோம். பள்ளத்திலிருந்து ஏறியதையும் வளர்ச்சி என்றே எழுதுவார்கள். எழுதுவதில் பொய் இல்லை, படிப்பதில்தான் கவனம் வேண்டும். அந்த 6கூட பினாங்கு மின்னணுத் தொழிற்சாலையிலும் எண்ணெய் எரிவாயுவிலும் விளைந்திருக்கலாம்.

டீசல் சலுகையை எடுத்தது நியாயமா?

நியாயம்தான் என்பேன். 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் லிட்டர் 2.15இலிருந்து 3.35 ஆனது. மலிவு டீசல் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டது எல்லாருக்கும் தெரியும். நெருக்கடியில் ஏறிய கடனை எப்படியும் குறைக்க வேண்டும்: 2020க்கு முன் மொத்த உற்பத்தியில் 55 சதவீதம் என்றிருந்த சட்டக் கடன் வரம்பை முதலில் 60, பிறகு 65 என்று உயர்த்தியாகிவிட்டது. ஆனால் விலை ஏற்றத்துக்கு ஈடாகக் கொடுத்த 200 வெள்ளி உதவிக்கு யார் தகுதி என்பதில், மனு போடத் தெரிந்தவர் வாங்கினார், தெரியாதவர் விட்டார். சின்னத் தோட்டக்காரர்களில் வயதானவர்களுக்கு அந்த இணையப் பதிவே பெரிய மலை.

பையன் சிங்கப்பூருக்குப் போகிறேன் என்கிறான். நாட்டுக்கு நஷ்டமில்லையா?

நஷ்டம்தான். அவனுக்கு லாபம். 1973 வரை இரண்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. இன்று அங்கே 1 வெள்ளி என்றால் இங்கே 3க்கும் மேல். அந்த இடைவெளி இருக்கும்வரை அறிவுரை சொல்லி யாரையும் நிறுத்த முடியாது.

மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறேன். அடுத்த அடி எங்கிருந்து வரும்?

விலையிலிருந்து வரலாம், அது பழகியதுதான். விதிமுறையிலிருந்தும் வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெய், ரப்பர் உட்படச் சில பொருள்கள் அங்கே நுழையக்கூடாது. அமலாக்கத்தைத் தள்ளிப்போட்டார்கள், கைவிடவில்லை. எந்த நிலத்தில் விளைந்தது என்பதை வரைபட இடக்குறியோடு காட்ட வேண்டும். பெரிய நிறுவனங்களிடம் அதற்கு ஆள் இருக்கிறது. மூன்று ஏக்கர்காரருக்கு அவர்தான் ஆள். அந்தச் சட்டம் எழுதிய மேசையில் நமக்கு நாற்காலி இல்லை. சிறிய நாடு என்பதன் விலை இதுவும்தான்.

செய்யக்கூடியது: நிலப் பட்டா, எல்லைக் கல், எம்.எஸ்.பி.ஓ. (நிலைத்தன்மையோடு செம்பனை பயிரிடுவதற்கான மலேசியச் சான்று) சான்றிதழ் மூன்றும் உங்கள் பெயரில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தச் சான்றிதழ் 2020இலிருந்து கட்டாயம். இன்னும் அப்பா பெயரிலேயே நிலம் கிடக்கிறது என்றால், வாரிசு மாற்றத்தை முதலில் முடியுங்கள். அது இல்லாமல் மற்ற இரண்டும் நகராது. செம்பனை வாரியத்தில் சின்னத் தோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள்.